78,000 பேரின் சம்பளம்... கண்டுகொள்ளப்படாத ஓர் எச்சரிக்கை! - யூ.ஏ.டி என்றால் என்ன?

“பையன் என்னம்மா பண்றான்?”

“ஐ.டி-ல இருக்கான்க்கா. ஏதோ டெஸ்டிங்காம். இந்த வாரம் யூ.ஏ.டி நடக்குது, போன் பண்ணாதேன்னுட்டான்!”

இந்த உரையாடல் இன்று பல வீடுகளில் சகஜம். சரி, பிள்ளைகளை ராத்திரி பகலாக உட்காரவைக்கும் அந்த யூ.ஏ.டி-யில் அப்படி என்னதான் இருக்கிறது?

‘யூஸர் அக்செப்டன்ஸ் டெஸ்டிங்’ என்பதன் சுருக்கம்தான் அது. தமிழில், ‘பயனர் ஏற்புச் சோதனை’ எனலாம். டெய்லரிடம் பிளவுஸ் தைக்கக் கொடுக்கிறோம். அளவு சரியா, தையல் நேராக இருக்கிறதா என்று டெய்லரே பார்த்துவிடுவார். ஆனால், போட்டுப் பார்த்து, கையைத் தூக்கி, “இந்த இடத்துல பிடிக்குது” என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

மென்பொருளிலும் அப்படியே. தயாரித்தவர்கள் செய்யும் சோதனை, ‘கேட்டபடி செய்திருக்கிறோமா?’ என்று பார்க்கும். யூ.ஏ.டி, ‘இதை வைத்து நம் வேலை நடக்குமா?’ என்று பார்க்கும். தினமும் அதைப் பயன்படுத்தப்போகும் கணக்கரோ, நர்ஸோ தங்கள் வேலையை அதில் செய்துபார்த்துவிட்டு, ‘சரி’ என்றோ ‘இன்னும் தயாராகவில்லை’ என்றோ சொல்லும் கடைசிக் கட்டம் இது.

அந்த ‘தயாராகவில்லை’ காதில் விழாமல்போனால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் அதற்குக் கொடுத்த விலை மிகப் பெரியது.

சம்பளம் வராத நர்ஸுகள்

குயின்ஸ்லாந்தின் அரசு சுகாதாரத் துறையில் சுமார் 78,000 ஊழியர்கள். டாக்டர், நர்ஸ், துப்புரவுப் பணியாளர் என ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதச் சம்பளம். நைட் ஷிஃப்ட், ஓவர்டைம், 200-க்கும் மேற்பட்ட அலவன்ஸ்கள்... எல்லாம் சேர்த்தால் சம்பளத்தைக் கணக்கிட 24,000 விதமான சேர்க்கைகள்!

இதைக் கவனித்துவந்த பழைய கம்ப்யூட்டர் மென்பொருள் வயதாகிவிட்டது. எந்த நேரமும் படுத்துவிடலாம் என்ற பயம். புதியதை அமைக்கும் பொறுப்பு ஐ.பி.எம் நிறுவனத்துக்குத் தரப்பட்டது. ஆரம்பத்தில் பேசிய தொகை சுமார் 62 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். தேதி பலமுறை தள்ளிப்போய், 2010 மார்ச்சில் புதிய மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்தது.

சம்பள நாளன்று வெடித்தது பிரச்னை. சிலருக்குப் பணமே வரவில்லை. சிலருக்குக் குறைவு, சிலருக்கு அதிகம். ஷிஃப்ட் முடித்துவந்த நர்ஸுகள் வீட்டுக்கடன் தவணைக்கும் வாடகைக்கும் திண்டாடினார்கள். அதிகமாகப் பெற்றவர்களுக்கும் நிம்மதியில்லை. ‘திருப்பிக் கட்டுங்கள்’ என்ற விவகாரம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

அளவுகோலை மாற்றினார்கள்!

இது யாரும் எதிர்பாராத விபத்தல்ல என்பதுதான் வேதனை. யூ.ஏ.டி-யில் குறைகள் ஏற்கெனவே தெரிந்திருந்தன.

சோதனையில் கிடைக்கும் குறைகளைத் தீவிரத்தைப் பொறுத்து ஒன்று, இரண்டு, மூன்று எனத் தரம் பிரிப்பார்கள். தீவிரமான குறைகள் இருக்கும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது என்பது விதி. இங்கேயோ, குறைகளைச் சரிசெய்து முடிப்பதற்கு முன்பே, எது ‘தீவிரம்’ என்ற வரையறையைத் தளர்த்தினார்கள். தேர்வில் பையன் 30 மார்க் எடுத்தால், பாஸ் மார்க்கை 30 ஆக்கிவிடுவதுபோல! ‘இது தயாராகவில்லை’ என்று சோதனைக்குப் பொறுப்பானவர் அறிக்கையில் எச்சரித்தும், வேலை நிற்கவில்லை. பழைய, புதிய மென்பொருள் இரண்டிலும் எல்லோருடைய சம்பளத்தையும் போட்டு முழுமையாக ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை.

2013-ல் அறிக்கை தந்த விசாரணை ஆணையம், யூ.ஏ.டி-யை ஓர் எச்சரிக்கை மணியாகப் பார்க்காமல், தாண்டிப்போக வேண்டிய தடையாகப் பார்த்ததைச் சுட்டிக்காட்டியது. தனக்கு என்ன தேவை என்பதை அரசுத் தரப்பு தெளிவாகச் சொல்லவில்லை என்றும் குட்டு வைத்தது. எட்டு ஆண்டுகளில் ஆகும் மொத்தச் செலவு சுமார் 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிடப்பட்டது.

நாளை உங்களிடமும் கேட்கலாம்

பள்ளி, வங்கி, கூட்டுறவுச் சங்கம், மருத்துவமனை... நீங்கள் எங்கே வேலை பார்த்தாலும், “புது சாஃப்ட்வேர், யூஸ் பண்ணிப் பார்த்து ஓகே சொல்லுங்க” என்று ஒருநாள் வந்து நிற்பார்கள். அப்போது இதையெல்லாம் கவனியுங்கள்.

* சுலபமான நாளை வைத்துச் சோதிக்காதீர்கள். மாதக் கடைசி, கூட்டம் அலைமோதும் திங்கட்கிழமை, பாதி நாள் லீவு போட்டவர் என உங்களுக்குத் தலைவலி தரும் வேலைகளையே முதலில் போட்டுப் பாருங்கள்.

* வேண்டுமென்றே தப்பாக டைப் செய்யுங்கள். பாதியில் நிறுத்துங்கள். நிஜத்தில் அதுதான் நடக்கும்.

* பணம் சம்பந்தப்பட்டதென்றால், பழைய கணக்கையும் புதிய கணக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

* குறைகளை வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுங்கள்.

* “அப்புறம் சரிபண்ணிடலாம், இப்போ கையெழுத்து போடுங்க” என்றால், “எப்போது?” என்று கேளுங்கள்.

“எனக்கு கம்ப்யூட்டர் அவ்வளவா தெரியாதே” என்று தயங்க வேண்டாம். மென்பொருள் எழுதியவருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். அது உங்கள் வேலை!

இனி பிள்ளை “யூ.ஏ.டி நடக்குதும்மா, அப்புறம் பேசறேன்” என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். போனை வைக்கும் முன் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: “சரியில்லைன்னு யாராவது சொன்னா, காது கொடுத்துக் கேளுப்பா!”