மாடி மூலிகை: எட்டுப் பையின் வரவு செலவு

2014-15ஆம் ஆண்டில் இந்தியாவில் புழங்கிய மூலிகைச் சரக்கு 5,12,000 டன். தேசிய மருத்துவத் தாவர வாரியத்துக்காக கோரயா, வேத் இருவரும் நடத்திய ஆய்வின் கணக்கு இது. ஏற்றுமதி 1,34,500 டன். மூலிகை மருந்துத் தொழில் வாங்கியது 1,95,000 டன். கிராமத்து வீடுகள் தம் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தியது 1,67,500 டன். மிச்சம் மற்றத் தொழில்களுக்குப் போனது.

கிராமத்து வீடுகளின் எண்ணை எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பில் கிராமப்புற மக்கள்தொகை 83.3 கோடி. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 200 கிராம், நாலு பேர் உள்ள வீட்டுக்கு 800 கிராம் வருகிறது. பழைய நிறுத்தலளவையில் ஒரு பலம் 35 கிராம். அப்படியானால் ஏறக்குறைய 23 பலம். கேட்க அற்பமாகத் தெரியும். இந்த 800 கிராமை ஒரு மொட்டை மாடியில் விளைவிக்க முடியுமா, விளைவித்தால் கட்டுப்படியாகுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. துளசியின் மகிமை பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். துளசியின் அடக்க விலை பற்றி யாரும் எழுதுவதில்லை.

மாடித் தோட்டக்காரர்கள் வழக்கமாக வாங்கும் வளர்ப்புப் பை 24 செ.மீ. நீளம், 24 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். விளிம்புவரை நிரப்பினால் 23 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் நிற்கவும் பின்னால் உரம் போடவும் மேலே பத்து செ.மீ. விடவேண்டும், அப்போது 17 லிட்டர். மண்ணின் மேற்பரப்பு 576 சதுர செ.மீ. எட்டுப் பைக்கும் சேர்த்து 0.46 சதுர மீட்டர், அரைச் சதுர மீட்டர்கூட இல்லை. மாடியில் பார்க்கும்போது காடு மாதிரித் தெரிவது இந்த அளவு நிலம்தான்.

கீழாநெல்லியை இதில் வைத்துப் பார்ப்போம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பு அதற்குச் சொல்லும் விளைச்சல் ஹெக்டேருக்கு 17.5 டன் பச்சைச் செடி, காய்ந்தால் 1.75 டன். 15 செ.மீ.க்கு 10 செ.மீ. இடைவெளியில் நட்டு, 80 முதல் 100 நாளில் அறுவடை. சதுர மீட்டருக்கு 1,750 கிராம் பச்சை, 175 கிராம் காய்ந்தது. அதையே பைக்கு மாற்றினால் 100 கிராம் பச்சை, 10 கிராம் காய்ந்த சரக்கு. மூன்று மாதம் தண்ணீர் ஊற்றியதற்கு இரண்டு தேக்கரண்டி பொடி.

எட்டுப் பையிலும் கீழாநெல்லியே போட்டாலும் ஒரு போகத்துக்கு 80 கிராம். ஆண்டுக்கு மூன்று போகம் எடுத்தால் 240 கிராம். நம் இலக்கான 800 கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வயலில் கிடைக்கும் மகசூல் மாடியிலும் கிடைக்கும் என்று வைத்தது என் தாராளம். உண்மையில் ஐப்பசி மழைக்குப் பிறகு எந்தப் பையிலும் கூப்பிடாமலே முளைக்கிற செடி இது. அதற்கென்று ஒரு பையை ஒதுக்குவது வீண்.

கீழாநெல்லிக்கு இன்னொரு கணக்கும் உண்டு, அதைச் சொல்லாமல் போகக்கூடாது. 1988இல் லான்செட் இதழில் சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன் குழுவின் கட்டுரை வந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பர்க்கும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். அந்தக் கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை வேளைக்கு 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். தொடர்ந்து கவனிக்க முடிந்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. 59 சதவீதத்துக்கு 4 சதவீதம். ஊரெல்லாம் கொண்டாடிய முடிவு. ஆனால் பின்னால் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. முதல் பாதிச் செய்தி 35 வருஷத்துக்கும் மேலாகப் பரவிக்கொண்டிருக்கிறது, இரண்டாம் பாதி பரவவே இல்லை. அந்தச் சோதனையில் ஒருவர் சாப்பிட்ட மொத்த அளவு 18 கிராம், நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு பை விளைச்சல். அளவு எட்டக்கூடியதுதான். எட்டாதது நிரூபணம். கண் மஞ்சளாகிவிட்டால் முதலில் ரத்தப் பரிசோதனை. பைப் பக்கம் போவது அப்புறம்.

அடுத்தது குடிநீர்கள். டெங்குக் காலத்தில் நிலவேம்புக் குடிநீரும் கொரோனாக் காலத்தில் கபசுரக் குடிநீரும் தெருமுனையில் பெரிய பாத்திரத்தில் வைத்து ஊற்றப்பட்டன. அதைப் பார்த்துப் பலர் நிலவேம்பு நாற்றுத் தேடி அலைந்தார்கள். நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு மட்டுமா இருக்கிறது? வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று இன்னும் எட்டுச் சரக்கு. ஒன்பதும் சம எடை. ஒரு வேளைக்கு 5 கிராம் பொடியை 200 மில்லி தண்ணீரில் போட்டு 50 மில்லியாகச் சுண்டவைப்பது வழக்கம். அந்த 5 கிராமில் நிலவேம்பின் பங்கு 0.56 கிராம். மாடியில் நிலவேம்பு எவ்வளவு செழித்தாலும் மீதி 4.44 கிராமுக்கு நாட்டு மருந்துக் கடை வாசலில்தான் நிற்கவேண்டும். சந்தன மரத்தை எந்தப் பையில் வைப்பது?

கபசுரத்தின் கணக்கு இன்னும் மோசம். பதினைந்து சரக்கு. அதில் மாடியில் சிரமமில்லாமல் வளரக்கூடியவை நிலவேம்பு, ஆடாதொடை, சீந்தில் என்று மூன்று. நாலாவதாகக் கற்பூரவல்லியைச் சேர்க்கலாமே என்பீர்கள். மருந்து நூல் குறிப்பிடும் கற்பூரவல்லி மலைப்பகுதிச் செடி. நம் வீட்டில் பஜ்ஜி போடுகிற சதைப்பற்றான இலை ஓமவல்லி. இரண்டும் ஒரு குடும்பம், ஒரே செடி அல்ல. ஆக 15க்கு 3, இருபது சதவீதம்.

சீந்திலுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. சீந்தில் எடுத்துக்கொண்ட பிறகு ஈரல் பாதிப்போடு வந்த 43 நோயாளிகளை நாடெங்கும் 13 மருத்துவ மையங்களில் இருந்து தொகுத்து 2022இல் ஒரு ஆய்வு வெளியானது. சீந்தில் பாதுகாப்பானது என்றும், அதைப்போலவே இருக்கும் வேறு கொடியை மாற்றிச் சாப்பிட்டிருக்கலாம் என்றும் ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. எந்தப் பக்கம் சரியாக இருந்தாலும் வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். கொடியை அடையாளம் காணத் தெரியாதவர் அதைக் கொதிக்கவைக்க வேண்டாம், தெரிந்தவரும் வைத்தியரைக் கேட்காமல் நாள்கணக்கில் குடிக்க வேண்டாம். ஆடாதொடையும் அப்படியே. இருமல் மருந்தான புரோம்ஹெக்சின் உருவானதே ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை ஆதாரமாக வைத்துத்தான். அந்த அளவுக்கு வேலை செய்யும் இலை. அதே வாசிசின் கருப்பையையும் சுருங்கச் செய்யும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

இனி காசுக் கணக்கு. விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் கையாளச் சுலபமான எண்களாக வைத்திருக்கிறேன். உங்கள் ரசீதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். எட்டுப் பைக்கு வேண்டிய கலவை சுமார் 138 லிட்டர். பாதி தென்னை நார்க்கழிவு, கால் பங்கு செம்மண், கால் பங்கு மண்புழு உரம். 5 கிலோ நார்க்கட்டி ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டர் வரும். ஆக ஒரே கட்டி போதும்.

பை 8, ஒன்று ரூ.40: ரூ.320
நார்க்கட்டி 5 கிலோ: ரூ.200
செம்மண்: ரூ.100
மண்புழு உரம் 25 கிலோ, கிலோ ரூ.12: ரூ.300
வேப்பம் புண்ணாக்கு 2 கிலோ: ரூ.80
வேப்பெண்ணெய் 100 மில்லி: ரூ.60
நாற்று 4, ஒன்று ரூ.25: ரூ.100

மொத்தம் ரூ.1,160. நாற்று எட்டு வாங்காமல் நாலு வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. ஓமவல்லிக்கு ஒரு கிளை போதும், பிரண்டைக்கு ஒரு கணு, வல்லாரைக்கு வேர் விட்ட ஒரு துண்டுத் தண்டு, முடக்கத்தானுக்கு நாலு விதை. பக்கத்து வீட்டில் கேட்டால் கிடைக்கும். இவற்றுக்கும் காசு வாங்கும் அக்கம்பக்கம் வாய்த்தவர்கள் இன்னும் ரூ.100 சேர்த்துக்கொள்ளட்டும்.

முதல் மூன்று இனமான ரூ.620 மூன்று வருஷம் தாங்கும், ஆண்டுக்கு ரூ.207. மற்ற ரூ.540 ஆண்டுதோறும் திரும்ப வரும் செலவு. ஆக ஆண்டுச் செலவு ரூ.747.

தண்ணீர்: பைக்கு நாளைக்குச் சராசரி ஒரு லிட்டர், மழை நாள் கழித்து 300 நாள் என்றால் 2,400 லிட்டர். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் 160 குடம். ஏ.சி.யில் இருந்து சொட்டும் தண்ணீரையும் அரிசி களைந்த தண்ணீரையும் பிடித்து ஊற்றினால் இதில் நல்ல பங்கு மிச்சமாகும். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இருப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிப்பது நல்லது. பைக்கு அடியில் தட்டு வைக்கிறவர்கள் வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துக் கொட்டவேண்டும். டெங்குக் கொசு முட்டையில் இருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். நிலவேம்பு வளர்க்கும் பையின் தட்டிலேயே டெங்குவையும் வளர்த்தால் அது பெரிய கேலிக்கூத்து.

உழைப்பு: தினம் பத்து நிமிஷம் என்றால் ஆண்டுக்கு 3,650 நிமிஷம், கிட்டத்தட்ட 61 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் ஏழரை நாள். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் கூலி ரூ.336. அந்தக் கணக்கில் கூலி மட்டும் ரூ.2,500ஐத் தாண்டுகிறது. இதை ஏற்றினால் எந்த மாடித் தோட்டமும் நட்டம்தான். காலை நடையைப் போல இதையும் உடம்புக்கு ஆனதாக எடுத்துக்கொள்பவர்கள் இந்தக் கூலியை எழுதாமல் விடலாம், நானும் விடுகிறேன்.

வரவுப் பக்கம் வருவோம். நாலு பேர் வீட்டில் ஆளுக்கு ஆண்டுக்கு மூன்று முறை சளி பிடிக்கிறது. ஒவ்வொரு முறையும் மூன்று வேளை குடிநீர். மொத்தம் 36 வேளை, 180 கிராம் பொடி. நூறு கிராம் ரூ.100 என்றால் ரூ.180. அந்தப் பொடியை மாடியில் செய்ய முடியாது என்று மேலேயே பார்த்தோம். ஆகவே மருந்து என்ற தலைப்பில் வரவு பூஜ்யம். ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தை இருமும்போது நாலு ஓமவல்லி இலையைப் பறித்து வாட்டிச் சாறு பிழிய முடிகிறதே, அதற்கு விலை போடச் சொன்னால் என்னால் முடியாது. எழுதாமலே விடுகிறேன்.

மூலிகை என்ற பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுக் கீரை என்று பார்த்தால்தான் தோட்டம் பிழைக்கிறது. தூதுவளை ரசம், முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், வல்லாரைத் துவையல். யாழ்ப்பாணத்தில் வல்லாரையைத் தேங்காய்ப்பூவோடு பச்சையாகச் சம்பல் போடுகிறார்கள். இலைக்கஞ்சியில் வீட்டைச் சுற்றியுள்ள இலைகளில் பாதி போய்விடும். சந்தையில் இவற்றில் பாதி தினமும் வருவதில்லை, வந்தாலும் வாடிப்போய் வரும். ஆறு பை இப்படிக் கீரைக்கு ஒதுக்கினால், ஒவ்வொன்றிலும் ஆறு வாரத்துக்கு ஒரு பறிப்பு என்று வாரம் ஒரு நாள் சமையலுக்கு ஆகும். ஒரே பறிப்பில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கை வைக்காமல் இருந்தால் இந்த வேகம் நிலைக்கும். ஒரு கட்டு ரூ.20 என்றால் 52 வாரத்துக்கு ரூ.1,040. செலவு ரூ.747 போக மிச்சம் ரூ.293. மாதத்துக்கு ரூ.24. ஒரு செவ்வாழைச் சீப்புக்குக்கூடக் காணாது, ஆனால் நட்டம் இல்லை.

பிரண்டையைப் பறிப்பவர்கள் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளவும், வதக்கும்போது புளி சேர்க்கவும். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் நாக்கில் அரிப்பு உண்டாக்குகின்றன.

மீதி இரண்டு பையில் ஒன்று துளசிக்கு, ஒன்று ஓமவல்லிக்கு. நிலவேம்புக்கும் கீழாநெல்லிக்கும் பை கிடையாது. ஆடாதொடையைத் தரை உள்ளவர்கள் வேலியோரம் வைக்கட்டும். ஆடு மாடு கடிக்காத செடிக்குப் பையின் பாதுகாப்பு எதற்கு? முதலில் கேட்ட 800 கிராம் உலர் சரக்கு அப்படியே நாட்டு மருந்துக் கடையின் கணக்கில் நிற்கும்.

கடைசியாக, வாங்கப் போகும் முன் ஒரே ஒரு வகுத்தல். ரூ.747ஐ 52ஆல் வகுத்தால் ரூ.14.40. உங்கள் தெருவில் தூதுவளையும் வல்லாரையும் வாடாமல், கட்டு 14 ரூபாய்க்குக் கிடைக்கிறதென்றால் பை வாங்க வேண்டாம். கூடையோடு வரும் கீரைக்காரம்மாவிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.