பணியிடத்தில் ஒருவரை அறிதல்

திருமலையில் உள்ள தரிகொண்ட வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் உணவு உண்கின்றனர். அங்கே சோறு பரிமாறுவோர், காய்கறி நறுக்குவோர் ஆகியோருள் பலர் ஊதியம் பெறுபவர் அல்லர். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஸ்ரீவாரி சேவா’ என்னும் தொண்டுத் திட்டத்தில் சேர்ந்து, சில நாள்கள் தங்கிப் பணிபுரிபவர்கள் அவர்கள். தமிழ்நாட்டிலிருந்தும் குழுக்கள் வருகின்றன. அலுவலர், ஆசிரியர், கடைக்காரர், உழவர் எனப் பல தொழிலினரும் அக்குழுக்களில் உண்டு.

அவர்களுள் ஒருவர் வங்கி மேலாளர் என்று வைத்துக்கொள்வோம். தம் அலுவலகத்தில் அவர் மணியை அழுத்தினால் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். தாமதமாக வருவோரை அவர் கடிந்துகொள்வார். அதே மனிதர் இங்கே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நடக்கிறார். தம்மைவிட இருபது வயது இளையவர் ஒருவர், “ஐயா, அந்தப் பக்கம் போங்கள்” என்று சொன்னால் மறுபேச்சின்றிப் போகிறார். இவருடைய உண்மையான இயல்பு எது? அதட்டலா, பணிவா?

இக்கேள்வியே சற்றுப் பிழையானது என்பார் உளவியல் அறிஞர் குர்த் லெவின். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அவர், ஒருவரின் நடத்தை அவரையும் அவர் இருக்கும் சூழலையும் சேர்த்தே அமைகிறது என்று 1936ஆம் ஆண்டில் எழுதினார். ஆளை மட்டும் பார்த்தாலும் பாதிதான் தெரியும். சூழலை மட்டும் பார்த்தாலும் பாதிதான் தெரியும். வேலை செய்யும் இடத்தில் ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தை ஆராய்வோர், ஆளுமை, ஆற்றல், பண்பாடு ஆகிய மூன்றையும் கவனிக்கிறார்கள். இம்மூன்றுள் ஒன்றை மற்றொன்றாக எண்ணி மயங்குவது நம்மிடையே மிகவும் எளிதாக நடக்கிறது.

முதலில் ஆளுமை. புதியவற்றை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, பிறரோடு கலந்து பழகும் இயல்பு, இணக்கம், எளிதில் கலங்கும் தன்மை ஆகிய ஐந்தின் அளவை வைத்து ஒருவரின் ஆளுமையை இன்றைய உளவியலார் விவரிக்கிறார்கள். பாரிக், மவுண்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், அதுவரை வெளிவந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 1991ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கலந்து பழகும் இயல்பு மேலாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் துணைசெய்கிறது என்றும், பொறுப்புணர்வோ அவர்கள் ஆராய்ந்த ஐந்து தொழிற்பிரிவுகளிலும் துணைசெய்கிறது என்றும் அவர்கள் கண்டார்கள். கலகலவென்று பேசுபவரே வேலையில் முன்னேறுவார் என்று நம்பும் பெற்றோர் பலர் உள்ளனர். பேச்சுத் திறத்தைவிட, ஒப்புக்கொண்ட வேலையை முடிக்கும் பழக்கமே பரவலாகப் பயன்படுகிறது என்பதை அவர்களுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

அடுத்தது ஆற்றல். இதனை விளக்கத் திருக்காளத்திக்குச் செல்வோம். திருப்பதிக்கு அருகே சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள இவ்வூரைத் தெலுங்கில் ஸ்ரீகாளஹஸ்தி என்பர். கலம்காரி என்னும் துணி ஓவியத்துக்கு இவ்வூர் பெயர்பெற்றது. கலம் என்பது எழுதுகோல். மூங்கில் குச்சியின் முனையைக் கூராக்கி, அதற்குச் சற்று மேலே கம்பளி நூலைப் பந்துபோலச் சுற்றியிருப்பார்கள். சாயத்தில் தோய்த்தெடுத்து அப்பந்தை விரலால் மெல்ல அழுத்தினால் சாயம் முனைக்கு இறங்கும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் கோடு தடித்துவிடும்.

வரைவதற்கு முன்பே துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும். பாலில் உள்ள கொழுப்பு சாயம் பரவாமல் தடுக்கிறது. கறுப்புச் சாயம் கடையில் வாங்கும் பொருள் அன்று. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்துச் செய்வது. அது கடுக்காய் ஏறிய துணியில் பட்டவுடன் கருக்கிறது. அப்படிக் கருத்த கோட்டைப் பிறகு அழிக்க இயலாது. சிவப்பு வேண்டிய இடங்களில் படிகார நீரைப் பூசி, பின்னர்ச் செந்நிறச் சாயத்தில் துணியைக் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருமுறை துவைத்தலும் உலர்த்தலும் உண்டு.

அழிக்க முடியாத கோட்டை இழுப்பவரின் கை மெதுவாகத்தான் நகரும். அந்த மெதுவே அவருடைய தேர்ச்சி. அவரையே திருப்பதிப் பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்க அமர்த்தினால், வரிசையில் நிற்பவர்கள் அரை மணி நேரத்தில் அவரை மந்தமானவர் என்று ஏசத் தொடங்குவார்கள். மனிதர் மாறவில்லை, வேலை மாறியிருக்கிறது. ஆற்றல் என்பது எப்போதும் ஏதோ ஒரு வேலைக்கான ஆற்றல்தான். அது பிறவியிலேயே முழுமையாக அமைந்துவிடுவதும் இல்லை. நலிந்துவந்த கலம்காரிக் கலையை மீட்க, கமலாதேவி சட்டோபாத்யாயா முதலியோரின் முயற்சியால் 1950களின் இறுதியில் திருக்காளத்தியில் ஒரு பயிற்சி மையம் தொடங்கப்பெற்றது. அங்கே கற்பித்ததால்தான் கலை அடுத்த தலைமுறைக்குச் சென்றது.

ஆற்றல் எத்திசையில் வளர்கிறது என்பதில் வாய்ப்புக்கும் பங்குண்டு. சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்து, திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவர் தத்துவத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், அப்பாடத்தை முடித்த உறவினர் ஒருவர் தம் நூல்களை அவருக்குக் கொடுத்ததுதான். வேறு நூல்கள் வாங்கக் குடும்பத்தில் பணம் இல்லை. பின்னாளில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராகவும், 1962ஆம் ஆண்டு முதல் குடியரசுத் தலைவராகவும் விளங்கியவரின் துறையை இப்படிச் சில பழைய புத்தகங்கள் முடிவுசெய்தன.

மூன்றாவது பண்பாடு. இதனை நீங்கள் நூலில் படித்து அறிய வேண்டியதில்லை. நாள்தோறும் வாழ்ந்து அறிகிறீர்கள். 1911ஆம் ஆண்டில் உருவான சித்தூர் மாவட்டத்தில் தமிழும் தெலுங்கும் தொடக்கம் முதலே கலந்திருந்தன. 1960ஆம் ஆண்டில் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கும், சத்தியவேட்டைச் சேர்ந்த பகுதி ஆந்திரத்துக்கும் சென்றன. கோடு மாறியது, மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஆகவே இரு மொழிகளும் அருகருகே வழங்கும் கடைகளும் அலுவலகங்களும் இங்கு மிகுதி.

வேலை தேடித் திருப்பதிக்கு வந்த தமிழ் இளைஞர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். உடன் தங்கியிருக்கும் நண்பர்களிடம் அவர் தெலுங்கு கற்கிறார். நண்பர்கள் ஒருவரையொருவர் ‘நுவ்வு’ என்று அழைக்கிறார்கள். அவரும் அதையே கற்றுக்கொள்கிறார். மறுநாள் கடையின் முதிய கணக்கரிடம் ‘நுவ்வு’ என்கிறார். பெரியவர்களை ‘மீரு’ என்று விளிக்க வேண்டும், பெயருடன் ‘காரு’ சேர்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. கணக்கரின் முகம் சுருங்குகிறது. ‘திமிர் பிடித்த பையன்’ என்ற பெயர் அன்றே வந்துவிடுகிறது. தமிழில் அந்த இளைஞர் பெரியவர் எவரையும் ‘நீ’ என்று சொல்லாதவர்! ஒரு சொல்லை அறியாமை, குணக்குறையாக எண்ணப்படுகிறது. (இரு மொழிகளும் நெருங்கியவை என்பதால்தான் இம்மயக்கம் மிகுதி. ‘செப்பு’ என்றால் ‘சொல்’ என்று நம் இலக்கியத்தில் படிக்கிறோம். பக்கத்து வீட்டில் அது அன்றாடப் பேச்சு.)

சத்தியவேடு, வரதையபாளையம் பகுதியில் அமைந்துள்ள ஸ்ரீசிட்டி தொழில்நகரில் இவ்வேற்றுமை இன்னும் அகன்றது. ஜப்பானின் இசுசு நிறுவனம் 2016ஆம் ஆண்டில் அங்கே வாகனத் தொழிற்சாலையைத் திறந்தது. வேறு பல நாடுகளின் நிறுவனங்களும் உள்ளன. ஜப்பானியத் தொழில்முறை பற்றி உலகம் அறிந்த செய்தி ஒன்று உண்டு. டொயோட்டா நிறுவனத்தில் வாகனங்களைப் பொருத்தும் வரிசைக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். குறை ஒன்றைக் கண்ட தொழிலாளி எவரும் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், மேற்பார்வையாளர் வருவார். குறித்த நேரத்துக்குள் குறை தீரவில்லையென்றால் வரிசையே நின்றுவிடும். நேற்றுச் சேர்ந்தவரும் இழுக்கலாம்.

கயிறு கட்டுவது எளிது. மூத்தவர் செய்த வேலையில் பிழை இருப்பதாக எல்லாரும் பார்க்கச் சொல்வது, ‘பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே’ என்று கேட்டு வளர்ந்தவருக்கு எளிதன்று. நெதர்லாந்தைச் சேர்ந்த ஹோஃப்ஸ்டெட் என்னும் அறிஞர் இதனை ‘அதிகார இடைவெளி’ என்று அழைத்தார். ஐ.பி.எம். நிறுவனம் பல நாடுகளில் உள்ள தன் ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை திரட்டிய ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை ஆராய்ந்து, நாடுகளுக்கு அவர் மதிப்பெண் அளித்தார். இந்தியாவுக்கு 77, ஜப்பானுக்கு 54, ஆஸ்திரியாவுக்கு 11. எண் உயர உயர, மேலிருப்பவரிடம் மறுத்துப் பேசுவது கடினம் என்று பொருள். ஆயினும் இவை சராசரிகள். ஓர் ஊரின் சராசரி உயரத்தைக் கொண்டு உங்கள் நண்பருக்குச் சட்டை தைக்க முடியாது அல்லவா? இந்த எண்ணையும் அப்படியே கொள்ள வேண்டும்.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பார்ப்போம். ஒரு தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர் கூட்டங்களில் வாய் திறப்பதில்லை. மேற்பார்வையாளர் ‘இவருக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று எழுதிவிடலாம். ஆனால் அவர் இயல்பிலேயே குறைவாகப் பேசுபவராக இருக்கலாம். பெரியவர்முன் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்டவராக இருக்கலாம். வேலை நன்றாகத் தெரிந்தும், கூட்டத்தில் வழங்கும் மொழியில் சொல்லத் தெரியாதவராக இருக்கலாம். முதலாமவரை எழுதித் தரச் சொல்லலாம். இரண்டாமவரிடம் தனியாகக் கேட்கலாம். மூன்றாமவருக்கு அவர் மொழி அறிந்த ஒருவரைத் துணையாக வைக்கலாம். உண்மையிலேயே வேலை தெரியாதவருக்குத்தான் பயிற்சி வேண்டும். நால்வரின் மௌனமும் வெளியே ஒன்றுபோலவே தோன்றுகிறது. ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களில் இத்தகைய தீர்ப்புக்கு ஆளாகாதவர் குறைவு. உங்களுள் சிலர், இப்பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தில் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் எழுந்து நிற்காமல் இருந்திருப்பீர்கள்.

பண்பாடு ஒருவரை இறுதிவரை கட்டிப்போடுமா? இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சோதனை நடந்தது. தொழில் முனைப்பு இல்லாமைக்குச் சாதியும் பழைய நம்பிக்கைகளுமே காரணம் என்று 1960களில் பலர் கருதினர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் மெக்லெலண்ட் அதனைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். காக்கிநாடாவின் சிறு வணிகர்களும் தொழில்முனைவோரும் 1964ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு வரவழைக்கப்பட்டனர். தமக்குத் தாமே இலக்கு வைத்து அதை எட்ட விரும்பும் மனப்பாங்கை வளர்ப்பதே பயிற்சியின் நோக்கம். படம் ஒன்றைக் காட்டிக் கதை எழுதச் சொன்னார்கள். தம் தொழிலுக்கான திட்டத்தைத் தாமே வகுக்கச் சொன்னார்கள்.

பின்னர் அவர்கள் ஊர் திரும்பியதும் என்ன செய்தார்கள் என்று ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்தனர். பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடக் கூடுதல் நேரம் உழைத்தனர். புதிய தொழில்களைத் தொடங்க முயன்றனர். கூடுதல் முதலீடு செய்தனர். மேலும் பலருக்கு வேலை கொடுத்தனர். பழைய நம்பிக்கைகள் உடையவர்களும் இவ்வாறே மாறினர். மேல்நாட்டு வாழ்க்கைமுறையைப் பின்பற்றியவர்தான் முன்னேறினார் என்றும் இல்லை. முடிவுகள் 1969ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன.

மெக்லெலண்ட் பயன்படுத்திய விளையாட்டு ஒன்று மிக எளிது. தரையில் ஒரு முளையை நட்டு, வளையத்தை எறிந்து அதில் மாட்ட வேண்டும். எங்கிருந்து எறிவது என்பது எறிபவர் விருப்பம். சிலர் முளையருகே நின்று தவறாமல் மாட்டுவர். சிலர் வெகுதூரம் நின்று நல்லூழை நம்புவர். சாதிக்கும் விருப்பம் மிகுந்தவர்கள் இடைப்பட்ட தூரத்தில், முயன்றால் மட்டுமே வெல்லக்கூடிய இடத்தில் நிற்பார்கள் என்று அவர் கண்டார். உங்கள் வகுப்பிலும் இதனை ஆடிப் பார்க்கலாம். ஒவ்வொருவரும் இன்று நிற்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, தூரத்தை அளந்து, பயிற்சி ஏட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் ஆடுங்கள். அளந்தபின் இரண்டு எண்களையும் அருகருகே எழுதுங்கள்.