உப்புக்காற்றும் குழிப்பந்து மட்டையும்

கொருக்குப்பேட்டையில் குழிப்பந்தாட்டத் திடல் இல்லை, இருக்கவும் இடமில்லை. சரக்குத் தொடர்வண்டி நிலையம், பின்னிக் கிடக்கும் தண்டவாளங்கள், பக்கிங்காம் கால்வாய், கிடங்குகள், அவற்றின் இடையே நெருங்கி நிற்கும் வீடுகள் ஆகியவையே இவ்வூர். கோல்ஃப் என்று நகரத்தார் சொல்லும் அவ்வாட்டத்தைக் காண விரும்புவோர் தெற்கே நந்தனத்துக்குப் போக வேண்டும். ஆயினும் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து மட்டை வாங்குவோர் கற்க வேண்டிய முதற்பாடம், இங்கே வெட்டவெளியில் நிற்கும் சரக்குப் பெட்டிகளின் மேல் இருக்கிறது.

அப்பெட்டிகளுள் ஒன்றின் கைத்தடைச் சக்கரத்தை அருகில் நின்று பாருங்கள். கைபட்டுத் தேயும் விளிம்பு மழமழவென்றிருக்கும். ஆரக்கால்கள் விளிம்போடு கூடும் மூலைகளில், நீர் தேங்கும் இடத்தில், துரு செதில் செதிலாக எழும்பி நிற்கும். நகத்தால் நெம்பினால் ஏடுபோல் பெயரும். அடியில் கருஞ்சிவப்பாக அடுத்த ஏடு இருக்கும். மழை எல்லா இடத்திலும்தான் பெய்தது. துரு மட்டும் இடம் பார்த்துத் தங்கியிருக்கிறது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வளியும் போதும். உப்பு சேர்ந்தால் அந்நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும் கரைசலாகிறது. அரிப்பு பன்மடங்கு விரைகிறது. கொருக்குப்பேட்டையிலிருந்து காசிமேட்டுக் கடல் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவுதான். அலை உடைந்து தெறிக்கும் நுண்துளிகளைக் கடற்காற்று சுமந்துவந்து ஊரெங்கும் தூவுகிறது. அவற்றில் சமையலுப்பு மட்டுமன்றி மக்னீசியம் குளோரைடும் உண்டு. சமையலுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் கசிந்து நீராகும். மக்னீசியம் குளோரைடுக்கோ 33 விழுக்காடே போதும். சென்னைக் காற்று அவ்வளவுக்குக் கீழே வறள்வது அரிது. ஆகவே கண்ணுக்கு உலர்ந்ததாகத் தோன்றும் இரும்பு இங்கே உண்மையில் உலர்வதில்லை. நிலக்கரி எரிப்பதாலும் எண்ணெய் சுத்திகரிப்பதாலும் எழும் கந்தகப் புகை வடசென்னையில் இதனோடு கூடும்போது, அந்த ஈரம் அமிலமாகவும் மாறுகிறது.

உலோக அரிப்பை ஆராயும் நிறுவனமொன்று தமிழகத்திலேயே இருப்பது நமக்குப் பெருமை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953இல் திறக்கப்பெற்றது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். இந்தியாவில் எவ்விடத்துக் காற்று இரும்பை எவ்வளவு தின்கிறது என்பதற்கு வரைபடமே வகுத்தவர்கள் அந்நிறுவனத்தார். மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றில் நிறுத்தி, அவை தேய்வதை அளந்திருக்கிறார்கள்.

இனி மட்டைக்கு வருவோம். ஓர் ஆட்டக்காரர் பதினான்கு மட்டை வரை கொண்டுசெல்ல விதி இடமளிக்கிறது. இரும்பு மட்டைகளின் தலை இருவகை. மென்னெஃகைக் காய்ச்சி அடித்து, நிக்கலும் குரோமியமும் முலாம் பூசியது ஒன்று. துருவேறா எஃகை உருக்கி வார்த்தது மற்றொன்று. அடித்த தலை கைக்கு இதமாக இருக்கும் என்பார்கள், இருக்கலாம். ஆனால் மணலும் கல்லும் முலாமைக் கீறிய இடத்தில், அடியிலுள்ள எஃகு கடற்காற்றுக்குத் திறந்து கிடக்கிறது. துருவேறா எஃகின் மேலுள்ள குரோமிய ஆக்சைடுப் படலம் கீறப்பட்டாலும் தானே மீண்டும் படரும். குளோரைடு அதையும் துளைக்க வல்லது என்றாலும், துளைக்க நாளாகும். சென்னைவாசிக்கு வார்த்த தலையே ஏற்றது என்பது என் துணிபு. முலாமே இல்லாமல், துருப்பிடிக்கட்டும் என்றே விற்கப்படும் குட்டை மட்டைகளும் கடைகளில் உள்ளன. கொருக்குப்பேட்டைக்காரர் கேட்டால் சிரிப்பார். இங்கே துரு விலையில்லாமல் கிடைக்கும்.

எஃகுத் தண்டின் வெளிப்புறம் முலாம் பூசியது, உட்புறம் அப்படியன்று. கைப்பிடியின் உச்சியில் சிறு துளை ஒன்று உண்டு. மட்டையை முழுவதும் நீரில் முக்கினால் அத்துளை வழியே நீர் உள்ளே இறங்கி, வெளியே தெரியாமல் தண்டை அரிக்கும். எனவே தலையை மட்டும் கழுவுக. வெறுந்துணியால் துடைப்பது போதாது. துணி ஈரத்தை எடுக்கும், உப்பை இழுகிவிடும். நன்னீரில் கழுவி, தலையின் முகத்திலுள்ள வரிப்பள்ளங்களை மென்தூரிகையால் தேய்த்துப் பின் துடைக்க வேண்டும். அந்நீர் ஆழ்துளைக் கிணற்று நீராக இருக்கலாகாது. மீஞ்சூர்ப் பக்கம் தொடங்கிக் கடலோர வடசென்னையில் நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்திருக்கிறது. அதில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதாகும். குடிநீர் ஒரு குவளை போதும். ஈரத் தலைக்கு உறை மாட்டுவது சக்கரத்தின் மூலையில் நீர் தேங்க விடுவதற்கு நிகர். மகிழுந்தின் பின்பெட்டியில் மட்டைப்பையைக் கோடை முழுவதும் விட்டுவைத்தால், தலையைத் தண்டோடு பிணைக்கும் எப்பாக்சிப் பசை வெப்பத்தால் இளகித் தலை தளரவும் கூடும்.

ஆட்டுத்தோல் கையுறையை வெயிலில் காயவிடாதீர்கள். வியர்வை உப்பு உள்ளே இறுகித் தோல் விறைத்துவிடும். விரித்து நிழலில் உலர்த்துவதே முறை.

ஆட்டக்காரர் வாங்கும் பொருள்களுள் மழையுடைதான் பலர் ஏமாறும் இடம். 1823இல் சார்லஸ் மெக்கின்டாஷ் துணிகளுக்கிடையே இரப்பர் பூசி நீர்புகா ஆடைக்குக் காப்புரிமை பெற்றார். மழை நின்றது, வியர்வையும் உள்ளேயே நின்றது. 1969இல் பாப் கோர் டெஃப்லானை இழுத்து நுண்துளைப் படலமாக்கினார். நீர்த்துளி நுழைய முடியாத, நீராவி வெளியேறக்கூடிய துளைகள் அவை. விலையுயர்ந்த 'எல்லாப் பருவ' அங்கிகள் பலவற்றில் இத்தகைய படலமே உள்ளது. ஆனால் நீராவியை வெளியே தள்ளுவது துணியன்று. உள்ளும் புறமும் உள்ள ஆவியழுத்த வேறுபாடு.

கணக்கிட்டுப் பார்ப்போம். வியர்த்த தோலருகே, 35 பாகை வெப்பத்தில், ஆவியழுத்தம் ஏறத்தாழ 5.6 கிலோபாஸ்கல். ஸ்காட்லாந்தில் 10 பாகைக் குளிரில், 90 விழுக்காடு ஈரப்பதத்தில், வெளியழுத்தம் 1.1, வேறுபாடு 4.5. சென்னையின் ஐப்பசி அடைமழையில், 26 பாகை, 95 விழுக்காடு என்று கொண்டால், வெளியழுத்தம் 3.2; வேறுபாடு 2.4. அதே அங்கி, இங்கே பாதியளவு உந்துவிசையோடு வேலை செய்கிறது. நமக்கோ வியர்வை மிகுதி. வெளித்துணியின் நீரொட்டாப் பூச்சு தேய்ந்து துணி நனைந்துவிட்டால், அந்தப் பாதியும் குறைகிறது. துணி மென்மையாக்கும் நீர்மங்களில் அலசினால் அப்பூச்சு விரைவில் கெடும்.

மழைநாளில் மூட்டை சுமப்பவர் கோணிச்சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்துக் கொங்காணியாகத் தலையில் கவிழ்ப்பதுண்டு. தலையும் முதுகும் நனையாமல் காக்கும். முன்னும் கீழும் திறந்திருப்பதால் ஒவ்வோர் அசைவிலும் காற்று புகுந்து வெளியேறும். வெப்பநாட்டு மழையில் படலத்தைவிடக் காற்றோட்டமே பெரிது என்னும் இயற்பியல் அதில் இருக்கிறது. உள்ளே அணிவதும் அப்படியே தேர்க: பருத்தி தன் எடையில் 8 விழுக்காடு அளவுக்குக் காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும், பாலியஸ்டர் அரை விழுக்காடும் கொள்ளாது, நனைந்தபின் விரைவில் உலர்வது பின்னதே.

எனவே மழையங்கி வாங்கப் போகும் அன்பர்கள், விலைச்சீட்டையும் படலத்தின் பெயரையும் பார்க்குமுன், அக்குளிலும் முதுகிலும் காற்றுத் திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், எத்துணைப் பெயர்பெற்றதாயினும், அது சென்னைக்கு உரிய அங்கி அன்று.