உங்களுக்குத் தெரியுமா? புடைத்த கோடு அச்சுப் பிழை, குழிந்த கோடு கீறல்

திருகோணமலைக் கடைவீதியில் புழங்கும் 10 ரூபா நாணயக்குற்றிகள் எல்லாம் ஒரே முகப்புடையவை அல்ல. 2013இல் இலங்கை மத்திய வங்கி, திருகோணமலை உட்பட 25 மாவட்டங்களுக்கும் தனித்தனி முகப்புடன் அவற்றை வெளியிட்டது. ஆகவே முகப்பு மாறியிருப்பது, நாணயம் சேகரிப்போர் விலை கொடுத்துத் தேடும் நாணயசாலைப் பிழையல்ல. துறைமுகத்து உப்புக்காற்றில் முலாம் உரிந்து உள்ளிருக்கும் உருக்கு துருப்பிடிப்பதும் பிழையல்ல. அது நாணயசாலையை விட்டு வந்தபின் நேர்ந்த சேதம்.

உண்மையான பிழையை அறிய ஒரு கேள்வி போதும்: இது நாணயசாலையிலேயே நிகழ்ந்திருக்குமா? நாணயத்தில் உருவத்தைப் பதிக்கும் அச்சில் வெடிப்பு விழுந்தால், அழுத்தப்படும் உலோகம் அதற்குள் ஏறி, குற்றியில் புடைத்த கோடாக நிற்கும். ஆணியால் கீறினாலும் உலோகம் மேலெழுமே என்று கேட்கலாம். மெய்தான், ஆனால் அந்த மேட்டின் அருகே பள்ளமும் இருக்கும், அச்சு வெடிப்பில் பள்ளம் இராது. விளிம்பில் பிறை வடிவாகக் குறைந்த குற்றியை அரத்தாலும் உண்டாக்கலாமே என்றால், நேரெதிர் விளிம்பைப் பாருங்கள். தகட்டிலிருந்து வெற்று வில்லையை வெட்டும்போதே குறைந்திருந்தால், விளிம்பு உயர்த்தும் இயந்திரத்தின் அழுத்தம் குறைக்கு நேரெதிரே சரியாக விழாது. எதிர்விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். ஒரு விளிம்பை அரத்தால் தேய்ப்பதால் எதிர்விளிம்பில் அந்தத் தடயம் உண்டாகாது. விலை பேசுமுன் உருப்பெருக்கிக் கண்ணாடியால் கோட்டருகே பள்ளம் உண்டா, எதிர்விளிம்பு மங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுவதே ஏமாறாதிருக்கும் வழி.