பாட்டரிக்கு ஓர் உஷ்ணமானி

அமெரிக்காவின் அரிஸோனா மாகாணத்தில், மேற்கு எல்லையருகே குவார்ட்ஸைட் என்ற சிற்றூரைச் சூழ்ந்து கிடக்கும் பாலைநிலத்தில், கனடாவின் பனிக்கும் வட மாகாணங்களின் குளிருக்கும் தப்பி வருகிற ஆயிரக்கணக்கானோர், படுக்கையும் அடுப்பும் அமைந்த தங்கள் வீட்டு வண்டிகளை நிறுத்திக்கொண்டு பனிக்காலத்தைக் கழிக்கிறார்கள். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நெடுநாள் தங்குவதற்கு மத்திய சர்க்காரின் நில நிர்வாக இலாகா அனுமதி தரும் இந்த மைதானங்களில் வண்டிகளுக்கு மின்சார இணைப்புக் கிடையாது. விளக்கும் தண்ணீர்ப் பம்பும் பாட்டரியை நம்பியிருக்க, பாட்டரியோ கூரைமேல் பரப்பிய சூரியப் பலகைகளை நம்பியிருக்கிறது. இவ்வூர் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரம்கூட இல்லாததால் பகல்கள் இதமானவை. அரை நாள் பிரயாணத்தில் எட்டிவிடக்கூடிய ஃபிளாக்ஸ்டாஃப் நகரமோ, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், பனி பொழியும் மலைப்பிரதேசத்தில் இருக்கிறது. காலையில் வெயிலில் நின்ற பாட்டரி அன்றிரவே உறைநிலைக்குக் கீழே இறங்கக்கூடும் என்றால், அதற்கு மின்சாரம் ஊட்டும் கருவிக்கு அந்த மாறுதலைத் தெரிவிக்க ஒரு சாதனம் வேண்டுமல்லவா?

1859-ல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்த ஈயப் பாட்டரியின் வம்சமே இன்றும் பல வண்டிகளில் இருக்கிறது. ரசாயன மாற்றங்கள் உஷ்ணத்தில் விரைவதும் குளிரில் தளர்வதும் இயற்கையாதலால், 25 டிகிரி சென்டிகிரேடில் 14.4 வோல்ட் வேண்டுகிற 12 வோல்ட் பாட்டரி, டிகிரி ஒன்றுக்குச் சுமார் 0.03 வோல்ட் வீதம் கணக்கிட்டால், 5 டிகிரிக் குளிரில் 15 வோல்ட்டையும் 40 டிகிரி வெப்பத்தில் 13.95 வோல்ட்டையும் வேண்டுகிறது. குளிரில் மின்னழுத்தம் குறைந்தால் பாட்டரி நிரம்பாமலே நின்று, தகடுகளில் ஈய சல்பேட் ஸ்படிகமாக இறுகிவிடும்; வெப்பத்தில் மிகுந்தாலோ, உள்ளிருக்கும் நீர் பிராணவாயுவாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்து வெளியேறும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கக்கூடும் என்பதால், ஜனங்கள் படுத்துறங்கும் வண்டிக்குள் இது அற்ப விஷயமன்று.

லித்தியம் பாட்டரியின் சுபாவம் வேறு. டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் ஜான் குடினஃபும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1997-ல் வெளியிட்ட இரும்பு பாஸ்பேட் வகையே இப்போது வீட்டு வண்டிகளில் பெரிதும் பரவியிருக்கிறது. உறைநிலைக்குக் கீழேயும் இது மின்சாரம் கொடுக்கும். ஆனால் அந்த நிலையில் இதற்குள் மின்சாரம் செலுத்தினால், லித்தியம் எதிர்முனைத் தகட்டிலுள்ள கிராஃபைட்டுக்குள் புகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகவே படிந்துவிடுகிறது. அப்படிப் படிந்ததில் பெரும் பகுதி திரும்பி வருவதில்லை. ஒரே காலைப்பொழுதில் நேர்ந்த சேதம் பாட்டரியின் ஆயுள் முழுவதும் நிற்கும். இதில் கவனிக்க வேண்டிய விபரீதம் ஒன்று உண்டு: சூரியப் பலகைகள் குளிரில்தான் சிறப்பாக வேலை செய்கின்றன. மேகமற்ற பனிக்காலையில், சூரிய கிரணங்கள் பலகையில் விழுந்து மின்சாரம் பெருகத் தொடங்கும் அதே வேளையில், இரவெல்லாம் குளிர்ந்த பாட்டரி இன்னும் உறைநிலைக்குக் கீழேயே இருக்கிறது.

இந்த வேளையில் மின்னூட்டத்தைத் தடுத்து நிறுத்த உதவுவது தெர்மிஸ்டர் என்னும் சிறு பொருள். 1833-ல் மைக்கேல் ஃபாரடே, வெள்ளி சல்ஃபைடை உஷ்ணப்படுத்தியபோது அதன் மின்தடை உலோகங்களில் போலக் கூடாமல் குறைவதைக் கண்டார். அந்தக் குணமே இதற்கு ஆதாரம். 25 டிகிரியில் 10,000 ஓம் தடையுள்ள தெர்மிஸ்டர், உறைநிலையில் ஏறக்குறைய 30,000 ஓம் காட்டும். அந்த மாறுதலைக் கண்டு, மின்னூட்டும் கருவி தன் அழுத்தத்தைத் திருத்திக்கொள்கிறது, அல்லது முற்றிலும் நிறுத்திவிடுகிறது.

அப்படியானால் அதை எங்கே பொருத்துவது என்பதே பிரதானம். மலிவான கருவிகள் பல, தமக்குள் இருக்கும் தெர்மிஸ்டரையே நம்புகின்றன. கருவியோ கணப்பு எரியும் அறைக்குள் இருக்க, பாட்டரி வண்டியின் முன்தண்டில் வெளியே குளிரில் கிடக்கும். நோயாளியின் உடம்பைத் தொட்டுப் பாராமல் அறையின் வெப்பத்தை அளந்து மருந்து கொடுக்கும் வைத்தியத்துக்கு ஒப்பானது இது. சுமார் 30 கிலோ எடையுள்ள ஈயப் பாட்டரி மெல்ல மெல்லத்தான் சூடேறுமாகையால், அதன் அருகிலுள்ள காற்றை அளந்தாலும் போதாது. பாட்டரியையே தொட வேண்டும்.

முதலில் சூரியப் பலகைகளின் இணைப்பையும், பிறகு பாட்டரியின் எதிர்முனைக் கம்பியையும் கழற்றிவிட்டு, மோதிரம், கைக்கடிகாரம் முதலியவற்றை அகற்றிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். தெர்மிஸ்டர் அடங்கிய சென்சார் வளையம் வைத்ததானால் எதிர்முனையின் போல்ட்டில் இறுக்கலாம். ஒட்டும் வகையானால் திராவக மட்டத்துக்குக் கீழே, பக்கச் சுவரின் நடுவில் ஒட்டலாம். முனையிலுள்ள ஈயம் உட்தகடுகளின் உஷ்ணத்தைப் பிளாஸ்டிக் சுவரைவிடச் சீக்கிரம் வெளிக்கொணரும். ஆனால் போல்ட் தளர்ந்திருந்தால் அந்த இணைப்பே சூடாகிப் பொய்க் கணக்குக் காட்டும். பல பாட்டரிகள் வரிசையாக இருந்தால், வெப்பத்துக்கு அஞ்சுவோர் நடுவிலுள்ளதையும், குளிருக்கு அஞ்சுவோர் ஓரத்திலுள்ளதையும் அளப்பது உசிதம். இரண்டுக்கும் அஞ்ச வேண்டிய அரிஸோனா பிரயாணிக்கு இரண்டு சென்சார் வைப்பதை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

பொருத்துவதற்கு முன் சென்சாரின் முனையை நீர் புகாத உறையிலிட்டு, பனிக்கட்டி மிதக்கும் நீரில் சிறிது நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். கருவி பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்றிரண்டு டிகிரி பிசகு சகஜமாதலாலும், பெட்டிக்கு வெளியே ஒட்டிய சென்சார் உள்ளே இருக்கும் லித்தியக் கலங்களைவிட முன்னதாகவே சூடேறிவிடுமாதலாலும், மின்னூட்டம் தொடங்கும் எல்லையைப் பூஜ்யத்தில் வைக்காமல் 5 டிகிரியில் வைப்பது நல்லது.