தான் வளர்த்த வைரஸைத் தன் புற்றுநோய்க் கட்டியிலேயே செலுத்தவைத்த விஞ்ஞானி!

குரோஷியாவின் ஜாக்ரெப் பல்கலைக்கழகத்தில் வைரஸ் ஆய்வாளர் பியாட்டா ஹலாஸி. புற்றுநோயால் இடது மார்பகத்தை இழந்தவர். 2020-ல், 49 வயதில், அகற்றிய அதே இடத்தில் மறுபடியும் கட்டி. நோய் திரும்பி வந்தது அது இரண்டாவது முறை.

இன்னொரு ரவுண்டு கீமோதெரபியைத் தாங்க முடியாது என்று முடிவெடுத்தார். பதிலுக்கு அவர் செய்ததுதான் இன்றுவரை விவாதமாக இருக்கிறது. ஆய்வகத்தில் வைரஸை வளர்த்து, அதைத் தன் கட்டிக்குள்ளேயே ஊசியாகச் செலுத்தவைத்தார்.

வைரஸ் எப்படி மருந்தாகும்? நல்ல செல்லுக்குள் வைரஸ் நுழைந்தால், அந்த செல் உடனே தற்காப்பில் இறங்கும். பல புற்றுநோய் செல்களில் இந்தத் தற்காப்பு பழுதாகியிருக்கும். அதனால் வைரஸ் அங்கே தாராளமாகப் பெருகி, செல்லையே உடைத்துவிடும். உடைந்து சிதறும் துண்டுகளைப் பார்த்த பிறகுதான், அதுவரை கட்டியைக் கண்டுகொள்ளாமல் இருந்த நோய் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டு தாக்கும்.

ஹலாஸி தேர்ந்தெடுத்தவை இரண்டு. ஒன்று, தடுப்பூசியில் பயன்படும் வீரியம் குறைந்த தட்டம்மை வைரஸ். இன்னொன்று, மாடு, குதிரைகளுக்கு வாயில் கொப்புளம் உண்டாக்கும் வைரஸ். அந்தத் தட்டம்மை வைரஸின் பெயர் எட்மான்ஸ்டன்-ஜாக்ரெப். நம் ஊர்க் குழந்தைகளுக்குப் போடும் எம்.ஆர் தடுப்பூசியில் இருப்பதும் அதே வகைதான். அதற்காக 'தடுப்பூசி போட்டால் கேன்சர் போய்விடும்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பிவிடாதீர்கள். இங்கே வைரஸ் நேராகக் கட்டிக்குள், திரும்பத் திரும்பச் செலுத்தப்பட்டது.

சக ஆய்வாளர் ஒருவர் சுமார் இரண்டு மாதங்கள் ஊசி போட்டார். நிலைமை மோசமானால் வழக்கமான சிகிச்சைக்கு மாற்ற, புற்றுநோய் மருத்துவர்கள் கண்காணித்தபடி இருந்தார்கள். காய்ச்சல் போன்ற சிறு தொந்தரவுகள்தான் வந்தன. கட்டியோ சுருங்கி, இளகி, ஒட்டியிருந்த தசையிலிருந்தும் தோலிலிருந்தும் விடுபட்டது. அறுவை சிகிச்சையில் அகற்றிப் பார்த்தபோது, அதற்குள் நோய் எதிர்ப்பு செல்கள் நிறைந்திருந்தன. பிறகு ஓராண்டு டிராஸ்டுஸுமாப் என்ற புற்றுநோய் மருந்தும் எடுத்துக்கொண்டார். செய்தியைப் பகிரும் பலர் இந்த அறுவை சிகிச்சையையும் மருந்தையும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நான்கு ஆண்டுகள் கடந்தும் நோய் திரும்பவில்லை.

இதைக் கட்டுரையாக்கி அனுப்பியபோது பத்துக்கும் மேற்பட்ட இதழ்கள் மறுத்துவிட்டன. தன்மீதே சோதனை செய்துகொண்டதுதான் அவர்களுக்கு உறுத்தல். படிக்கும் நோயாளிகள், நிரூபணமான சிகிச்சையை விட்டுவிட்டு இதைத் தேடிப் போனால் என்ன செய்வது? அந்தக் கவலை நியாயமானது. ஹலாஸிக்கு வைரஸை வளர்த்துச் சுத்திகரிப்பதுதான் தொழில். அந்த வசதி எத்தனை பேருக்கு இருக்கும்? கடைசியில் 2024-ல் 'வேக்சின்ஸ்' என்ற இதழ் வெளியிட்டது.

வைரஸ் சிகிச்சை என்பதே புதிதல்ல. மரபணு மாற்றிய ஹெர்பிஸ் வைரஸான டி-வெக் மருந்தை, மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு 2015-லேயே அமெரிக்கா அனுமதித்தது. மூளைக் கட்டிக்கான இன்னொரு ஹெர்பிஸ் வைரஸுக்கு ஜப்பான் 2021-ல் நிபந்தனையுடன் அனுமதி தந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு அப்படி எதுவும் இன்னும் வரவில்லை. ஹலாஸியின் அனுபவம் ஒரே ஒருவருடையது.

அவருக்கு இப்போது புது வேலை. வீட்டு விலங்குகளுக்கு வரும் புற்றுநோயில் இந்த வைரஸ் சிகிச்சையைச் சோதிக்க, 2024 செப்டம்பரில் நிதி கிடைத்திருக்கிறது.