ஹைட்ராவின் மூணு மடங்கு டிஎன்ஏ: யார் ஒட்டிய காப்பி?

பள்ளிக்கூட விலங்கியல் புத்தகத்துல ஹைட்ரா படத்தைப் பார்த்திருப்பீங்க. குளத்தில் இலையிலோ குச்சியிலோ ஒட்டிக்கிட்டு இருக்கும் ஒரு சின்னக் குழாய். மேலே ஒரு வாய், சுத்தி சில உணர்நீட்சிகள். மூளை, இதயம் எதுவும் கிடையாது. இரண்டாக வெட்டினால் இரண்டு ஹைட்ரா. 1740களில் ஆபிரகாம் டிரெம்ப்ளே வெட்டிப் பார்த்துச் சொன்னபோது ஐரோப்பாவே வாய் பிளந்தது. எனக்குப் பிடிச்சது அந்தக் கதை இல்லை, அதோட ஜீனோம் அளவு.

2010ல் நேச்சர் இதழில் ஒரு பழுப்பு ஹைட்ராவின் ஜீனோம் வெளியானது. சுமார் 100 கோடி எழுத்துகள். நமக்கு 300 கோடிக்குக் கொஞ்சம் மேல. புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. நம்ம எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் நெருங்கிய சொந்தமான பச்சை ஹைட்ராவுக்கு ஏறத்தாழ 30 கோடி எழுத்துதான். பச்சை நிறம் அதன் செல்லுக்குள் குடியிருக்கும் பாசியால் வருவது. பாசியோட டிஎன்ஏ இந்தக் கணக்கில் சேராது. மத்தபடி ரெண்டும் அதே குழாய், அதே வாய்.

ஒரு சாஃப்ட்வேர் அடுத்த வெர்ஷனில் மூணு மடங்கு பெருத்தால், "புதுசா என்ன வசதி வந்திருக்கு?"னு கேட்போம். பழுப்பு ஹைட்ராவில் அப்படிச் சொல்ல பெருசா ஒண்ணும் இல்லை.

2019ல் வந்த ஒரு ஆய்வு, பல ஹைட்ரா இனங்களை ஒப்பிட்டுப் பார்த்துக் காரணம் சொன்னது. பழுப்பு ஹைட்ராக்களின் மூதாதையில் தாவும் மரபணுக்கள், குறிப்பாக சிஆர்1 வகையில் ஒரே ஒரு குடும்பம், கணக்கில்லாமல் பெருகிவிட்டன. பச்சை ஹைட்ராவில் அந்தப் பெருக்கம் நடக்கவில்லை. (சிஆர்1 என்றால் சிக்கன் ரிபீட் 1. முதலில் கோழியில் கண்டுபிடிச்சதால அந்தப் பேர்.)

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. செல் இந்தத் துண்டைப் படித்து ஆர்என்ஏவாக எழுதுகிறது. அந்த ஆர்என்ஏவிலிருந்து ஒரு புரதம் உருவாகிறது. அந்தப் புரதம் அதே ஆர்என்ஏவைத் தூக்கிக்கொண்டு போய், டிஎன்ஏவில் வேறொரு இடத்தில் வெட்டி, அங்கே திரும்ப டிஎன்ஏவாக எழுதிவிடுகிறது. பழைய பிரதி இருந்த இடத்திலேயே இருக்கும். அதாவது காப்பி-பேஸ்ட்; கட்-பேஸ்ட் இல்லை. பல தடவை எழுதுவது பாதியிலேயே நின்னுடும். அந்தக் குறைப்பிரதியால் தானாகப் பெருக முடியாது, ஆனா அழியவும் செய்யாது. செல் பிரியும்போதெல்லாம் அதையும் சேர்த்து நகலெடுக்கும்.

"இயற்கையில் காரணமில்லாமல் எதுவும் இருக்காது" என்று சொல்பவர்களிடம் நான் காட்டுவது இதைத்தான். காரணம் இருக்கு, ஆனா அது ஹைட்ராவோட தேவை இல்லை. பெருகத் தெரிந்த ஒரு துண்டு பெருகியது, அவ்வளவுதான். பின்னாடி அதில் சில பிரதிகள் ஏதாவது வேலைக்குப் பயன்பட்டிருக்கலாம். அது வேற விஷயம்.

ஆபத்தும் உண்டு. நம்ம தோல் செல்லில் ஒரு தாவல் நடந்தால் அது நம்மோடு முடிஞ்சிடும். ஹைட்ராவில் குட்டி, தாயின் உடல் சுவரிலிருந்தே மொட்டாக முளைக்கிறது. உடல் செல்லில் வந்த பிழை நேராகப் பிள்ளைக்குப் போகும். அதனாலோ என்னவோ, தாவும் மரபணுக்களை அடக்கும் பிவி புரதங்கள் நம்மில் பெரும்பாலும் இனப்பெருக்க செல்களில் மட்டும் வேலை செய்ய, ஹைட்ராவிலோ உடலின் தண்டு செல்களிலும் காவல் நிற்கின்றன. 2014ல், மேல்தோல் செல்களில் இந்தப் புரதத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். ஹைட்ராக்கள் செத்துப்போயின.

நம்ம ஜீனோமிலும் இதே பாணியில் தாவும் எல்1 என்ற துண்டு இருக்கு. மொத்தத்தில் சுமார் 17 சதவீதம். பெரும்பாலானவை உடைந்த பிரதிகள், சில இன்னும் உயிரோட. 1988ல் அமெரிக்காவில் ஹீமோஃபீலியா நோயாளிகள் 240 பேரைச் சோதித்தபோது, இருவருக்கு ரத்தம் உறையத் தேவையான மரபணுவுக்குள்ளேயே ஒரு எல்1 வந்து உட்கார்ந்திருந்தது. அவர்களுடைய பெற்றோரிடம் அந்த இடத்தில் அது இல்லை.